எண்பத்து நாலு கிலோவும் ஒரு கோணல் கப்பும்

என் எடை தொண்ணூற்றிரண்டு கிலோ. இதை முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நீங்கள் முழுக்க அதையே யோசித்துக்கொண்டுதான் படிப்பீர்கள். இருபத்தெட்டு வருஷம் விருத்தாசலத்தில் ஒரு சர்க்கரை நோய் மருத்துவமனையில் உணவு ஆலோசகராக உட்கார்ந்து, "இட்லி மூணு போதும்மா" என்று ஊருக்கெல்லாம் சொன்ன ஆள் நான். நான் உட்கார்ந்திருந்த பிளாஸ்டிக் நாற்காலியின் கைகள் இரண்டும் வெளிப்பக்கமாக விரிந்துபோயிருக்கும். எதிரே உட்காரும் நோயாளி என் முகத்தைப் பார்க்கமாட்டார், அந்த நாற்காலியைத்தான் பார்ப்பார்.

இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். எந்தச் சாப்பாட்டில் எவ்வளவு கலோரி என்பதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும், உங்கள் செல்போனே சொல்லிவிடுகிறது. அதனால் நான் அந்தப் பக்கம் போகப்போவதில்லை. நான் செய்த ஒரு தவறைச் சொல்கிறேன். அதில் ஒரு பெண்மணியின் கால் விரல் போனது. காலே போயிருக்க வேண்டியது.

முதலில் எங்கள் ஆஸ்பத்திரியில் எடை பார்க்கும் முறையைச் சொல்ல வேண்டும். எடை மெஷின் ஹாலின் நடுவில் இருந்தது. சுற்றிலும் பெஞ்சுகளில் ஐம்பது அறுபது பேர். ஹாலின் அந்தக் கோடியில் நோட்டை வைத்துக்கொண்டு சிஸ்டர். மெஷின் பக்கத்தில் நான். நோயாளி மெஷினில் ஏறியதும் நான் பார்த்து உரக்கச் சொல்வேன், சிஸ்டர் எழுதிக்கொள்வார். ஏலம் விடுகிற மாதிரிதான். "அறுபத்தெட்டு! எழுபத்தஞ்சரை! தொண்ணூத்தி ஒண்ணு!"

வெறும் நம்பரைச் சொல்வதில் என்ன சுவை இருக்கிறது? ஒவ்வொரு நம்பருக்கும் ஒரு ஜோக்கு வைத்திருந்தேன். பெண்ணாடத்திலிருந்து வரும் கரும்பு விவசாயி ஒருவர் இரண்டு கிலோ ஏறியிருந்தால், "கரும்ப ஆலைக்கு அனுப்புறீங்களா, இல்ல வழியிலயே நீங்களே முடிச்சுடுறீங்களா?" என்பேன். ஹாலே சிரிக்கும். வெள்ளிக்கிழமை என் ஜோக்கைக் கேட்பதற்கென்றே வருகிறார்கள் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமைதான் இலவச மாத்திரை கொடுக்கிற நாள் என்பது ஏனோ என் நினைவுக்கு வரவேயில்லை.

மங்கலம்பேட்டையில் ஜவுளிக்கடை வைத்திருந்த பாய் ஒருவர் மட்டும் ஒருநாள் கேட்டார்.

"எல்லாரு எடையும் நீங்க கூவுறீங்க. உங்க எடைய யாரு சார் கூவுறது?"

"என் எடை ராணுவ ரகசியம் பாய்."

"ரகசியத்த சட்டைக்குள்ள வச்சு மறைக்க முடியலையே சார்!"

அன்றைக்கும் ஹால் சிரித்தது. நானும் சிரித்தேன். அதிலேயே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும், வரவில்லை.

அஞ்சலை விஷயத்துக்கு வருகிறேன். இங்கே பீங்கான் பட்டறை ஒன்றில் கப்புக்குக் கைப்பிடி ஒட்டுகிற வேலை அவருக்கு. நாற்பத்தைந்து வயது இருக்கும். முதல்முறை வந்தபோது எண்பத்து நாலு கிலோ. நான் எழுதிக் கொடுத்த சாப்பாட்டுச் சீட்டை வேதம் மாதிரி எடுத்துக்கொண்டார். காலையில் கேழ்வரகுக் கூழ், மதியம் அளந்து சோறு, சாயங்காலம் பட்டறையிலிருந்து வீட்டுக்கு நடை. எட்டு மாதத்தில் எழுபத்து மூன்றுக்கு வந்துவிட்டார். நான் அவரை மெஷின் மேலேயே நிற்கவைத்து ஹாலைக் கைதட்டச் சொன்னேன். "பாத்துக்குங்க! மனசு வச்சா முடியாதது இல்ல!" என்று என் சொந்தச் சாதனை மாதிரி முழங்கினேன். அவர் கூச்சத்தோடு சேலைத் தலைப்பை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டு நின்றார்.

அடுத்த ஒரு வருஷத்தில் எழுபத்து ஐந்து, எழுபத்தெட்டு, எண்பத்தொன்று என்று ஏறியது. ஒவ்வொரு தடவையும், "சார், நீங்க சொன்னதுதான் சாப்புடுறேன்" என்பார். நான் புருவத்தைத் தூக்குவேன். ஒரு வெள்ளிக்கிழமை மெஷினில் ஏறினார். எண்பத்து நாலு. கிராம் பிசகாமல் பழைய எண்பத்து நாலு.

"எண்பத்து நாலு!" என்று கூவினேன். அதோடு நிறுத்தினேனா? "அஞ்சலை, போன பதினோரு கிலோவும் வழி மறக்காம வூடு வந்து சேந்துடுச்சே! யாரு கூட்டியாந்தது, பரோட்டாவா, பஜ்ஜியா?"

ஹால் சிரித்தது. அஞ்சலையும் சிரித்தார். அதில்தான் நான் ஏமாந்தேன். ஒருவர் சிரித்துவிட்டால் வலிக்கவில்லை என்று கணக்குப் போடுகிற முட்டாள் நான். அவர் மெஷினிலிருந்து இறங்கி, செருப்பை மாட்டிக்கொண்டு, மாத்திரை வாங்காமலேயே போனார்.

நோட்டு எழுதும் சிஸ்டர்தான் ஐந்து மாதம் கழித்துச் சொன்னார்.

"சார், அந்த பட்டறைக்காரம்மா வரவே இல்லையே."

"எந்தப் பட்டறைக்காரம்மா?"

"எண்பத்து நாலு."

பேரைச் சொல்லவில்லை பாருங்கள். நான் வைத்த பேர் அதுதான். சிஸ்டர் நோட்டை மூடினார். "எடை திரும்பி வந்தா பரவால்ல சார். ஆளு திரும்பி வரணும்" என்றார். என்னைத் திட்டவில்லை, ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார். எனக்குப் பாடம் எடுத்தவர்களில் மிகக் குறைவாகப் பேசியவர் அவர்தான். நான் பேசிய பேச்சில் அவருக்கு இடம் கிடைக்காததும் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

மறுநாள் பீங்கான் பட்டறைக்குப் போனேன். வீட்டுக்கு இரண்டு கப் வாங்க வந்த மாதிரி ஒரு வேஷம். உள்ளே எல்லாமே வெள்ளை. தரை, சுவர், ஜன்னல் கம்பி, வேலை செய்கிறவர்களின் புருவம்கூட வெள்ளை. அஞ்சலை ஒரு பலகையின் முன் நின்றுகொண்டு, அச்சிலிருந்து எடுத்த ஈரக் கப்புகளுக்குக் கைப்பிடி ஒட்டிக்கொண்டிருந்தார்.

"என்னம்மா, ஆஸ்பத்திரிப் பக்கமே காணோம்?"

தலையைத் தூக்கவில்லை. "வந்தா மெஷின்ல ஏத்துவீங்க."

"ஏத்த மாட்டேன்."

"ஏலம் வுடுவீங்க."

"வாயே தொறக்க மாட்டேன்."

"அது உங்களால முடியாது சார்."

பக்கத்துப் பலகையில் இருந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஐம்பது பேர் எதிரில் ஒருவரைக் குறிவைத்தால் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் எனக்குக் கொஞ்சம் புரிந்தது. இங்கே நாலு பேர்தான். அதற்கே என் காது சூடாகிவிட்டது.

"இத பாருங்க" என்றார் அஞ்சலை. இரண்டு ஈரக் கப்புகளை எடுத்து வைத்தார். ஒன்றின் விளிம்பைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் லேசாக அமுக்கினார். வட்டம் முட்டை வடிவமானது. பிறகு அதே விரல்களால் தடவித் தடவி மறுபடி வட்டமாக்கினார். அதன் அடியில் அடையாளத்துக்கு ஆணியால் ஒரு கோடு கிழித்து, இரண்டையும் இடம் மாற்றி மாற்றி வைத்தார்.

"எது அமுக்குனது, அடியப் பாக்காம சொல்லுங்க."

இரண்டும் ஒரே மாதிரி இருந்தன. கையில் எடுத்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்தும் தெரியவில்லை.

"தெரியாது. சூளையில போட்டு எடுத்தா தெரியும். நான் எவ்ளோ தடவிக் குடுத்தாலும் சூட்டுல அது பழைய கோணலுக்கே போயிடும். மேஸ்திரி வந்து எங்கிட்டதான் கத்துவாரு, நீ சரியா நிமித்தலன்னு. நான் நிமித்தித்தான் சார் அனுப்புனேன்." கைப்பிடியை வைத்து அழுத்தினார். "பரோட்டா தின்னல. பஜ்ஜி தின்னல. பசியில ராத்திரிக்குத் தண்ணியக் குடிச்சிட்டுப் படுத்தேன். நீங்க எல்லாரு முன்னாடியும் என்னத் திருடின்னு சொன்னீங்க."

"நான் அப்படிச் சொல்லலையே அஞ்சலை."

"வேற என்ன சார் சொன்னீங்க?"

இருபத்தெட்டு வருஷ வேலையில் எனக்கு ஜோக்கு வராமல்போன முதல் இடம் அதுதான்.

தண்ணீர் எடுக்க அவர் குழாய்ப் பக்கம் நடந்தார். அப்போதுதான் பார்த்தேன். அந்த வெள்ளைத் தரையில் அவருடைய வலது கால் தடம் காய்ந்த தடமாக விழுந்தது. இடது கால் வைத்த இடத்தில், சுண்டுவிரல் பக்கம், ஈரமாக ஒரு கறை. ஒவ்வொரு எட்டுக்கும் ஒரு கறை.

"நில்லுங்க. இடது கால்ல என்ன?"

"ஒண்ணும் இல்லையே. வலி ஒண்ணும் இல்ல."

வலி இல்லை என்பதுதான் பயம். சர்க்கரை கட்டுக்கடங்காமல் நாளாகிவிட்டால் பாதத்தில் உணர்ச்சி போய்விடும், உங்களுக்குத் தெரியும். சேலையை லேசாகத் தூக்கிப் பாதத்தைக் காட்டச் சொன்னேன். சுண்டுவிரலுக்கு அடியில் உடைந்த பீங்கான் சில்லு ஒன்று ஏறி உட்கார்ந்திருந்தது. எத்தனை நாளாகவோ! விரல் கறுத்திருந்தது. ஐந்து மாதம் மாத்திரை இல்லை. ஐந்து மாதம் யாரும் அந்தக் காலைப் பார்க்கவில்லை. அந்த ஐந்து மாதத்தையும் என் வாய்தான் கொடுத்தது.

ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன். வழி முழுக்க நான் பேசவில்லை. தெரிந்த ஆட்டோக்காரர்தான். இரண்டு தடவை திரும்பிப் பார்த்து, "சார், உங்களுக்கா அவங்களுக்கா ஒடம்பு சரியில்ல?" என்று கேட்டார்.

விரலை எடுத்துவிட்டார்கள். பாதம் தப்பியது. அறுவை செய்த டாக்டர், இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் முழங்காலுக்குக் கீழே போயிருக்கும் என்றார். அஞ்சலை படுக்கையில் இருந்தபோது பட்டறைப் பெண் ஒருத்தி சூளையிலிருந்து வந்த இரண்டு கப்பையும் காகிதத்தில் சுற்றிக்கொண்டு வந்து கொடுத்தாள். ஒன்று நல்ல வட்டம். இன்னொன்று, அடியில் கோடு போட்டது, அவர் அமுக்கிய அதே இடத்தில், அதே முட்டை வடிவத்துக்குப் போயிருந்தது. கல் மாதிரி இறுகியிருந்தது. இனி யார் தடவினாலும் அசையாது.

"சொன்னேன்ல" என்றார் அஞ்சலை.

உடம்பு களிமண் இல்லை என்று உங்களில் ஒருவர் இப்போது முணுமுணுப்பது எனக்குக் கேட்கிறது. இல்லைதான். களிமண்ணுக்குப் பசிக்காது. உடம்புக்குப் பசிக்கும், அதனால் உடம்பின் பிடிவாதம் இன்னும் மோசம். எடை குறையும்போது கொழுப்பிலிருந்து மூளைக்குப் போகிற சேதி குறைகிறது. "பஞ்சம் வந்துடுச்சு" என்று மூளை புரிந்துகொள்கிறது. உடனே பசியைத் தூண்டிவிடுகிறது, சாப்பாட்டு நினைப்பையே சுற்றிச் சுற்றி வரவைக்கிறது, இன்னொரு பக்கம் செலவைச் சுருக்குகிறது. அதே நடைக்கு முன்பைவிடக் குறைவாகத்தான் எரிக்கும். இது ஒரு வாரம் பத்து நாளோடு நிற்பதில்லை, வருஷக்கணக்கில் நீளும். எடை ஏறுவதை உடம்பு அவ்வளவாகத் தடுப்பதில்லை, இறங்குவதை எதிர்த்துத்தான் சண்டை போடுகிறது. ஏன் குறிப்பாக இந்த எடைக்கே திரும்புகிறது? பிறப்பு வாகா, பழகிய சாப்பாடும் தூக்கமும் வேலையுமா, எல்லாம் சேர்ந்தா? படித்தவர்களே இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். இப்போது பசியை அடக்க ஊசி வந்திருக்கிறது. நன்றாகவே வேலை செய்கிறது. ஊசியை நிறுத்தினால் எடை பெரும்பாலும் திரும்பிவிடுகிறது. அங்கேயும் அதே கதைதான்.

இதெல்லாம் எனக்கு அஞ்சலை சொல்லித்தான் தெரியவேண்டுமா? என் உடம்பே சொல்லியிருந்தது. என் மகள் கல்யாணத்துக்கு முன் நான் எண்பத்தொன்றுக்கு இறங்கியிருந்தேன். புதுச் சட்டை அளவெடுத்துத் தைத்தேன். கல்யாண ஆல்பத்தில் நான் மாப்பிள்ளையின் அண்ணன் மாதிரி இருப்பேன். பேரன் பிறப்பதற்குள் அந்தச் சட்டையின் பொத்தான் ஒன்று தெறித்து என் சம்பந்தியின் டம்ளரில் விழுந்தது. பழைய தொண்ணூற்றிரண்டு. அப்போது நான் என்ன சொன்னேன் தெரியுமா? "எங்க பரம்பரை ஒடம்பு வாகு அப்படி." எனக்கு வந்தால் உடம்பு வாகு, அஞ்சலைக்கு வந்தால் பரோட்டா.

அஞ்சலை படுக்கையில் இருந்த சமயத்தில்தான் எங்கள் தலைமை டாக்டர் என்னை அறைக்குக் கூப்பிட்டார். நல்ல டாக்டர், கெட்டவர் என்று சொல்லமாட்டேன். இலவச மாத்திரைக்கு வருகிற கூட்டம் அதிகமாகிவிட்டது.

"மூணு விசிட்ல எடை குறையாதவங்க லிஸ்ட் ஒண்ணு போட்டுக் குடுங்க. 'ஒத்துழைக்காதவர்கள்'னு தலைப்பு. நீங்க கையெழுத்துப் போட்டுக் குடுத்தா அவங்களுக்கு இலவச மாத்திரைய நிறுத்திடலாம். அக்கறை உள்ளவங்களுக்குப் போகட்டும்."

நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கணக்கில் நாற்பத்து மூன்று பேர் வந்தார்கள். அஞ்சலை அதில் உண்டு. விரல் போன இடத்தில் தையல்கூட இன்னும் பிரிக்கவில்லை. இப்போது மாத்திரையை நிறுத்தினால் மிச்சக் காலும் போகும். டாக்டருக்கு அவர் நாற்பத்து மூன்றில் ஒரு வரி. எனக்கு அந்த வெள்ளைத் தரையில் கிடந்த கறை.

பேனாவை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு ஒரு புதுத் தாளை எடுத்து 'ஒத்துழைக்காதவர்கள்' என்று பெரிதாகத் தலைப்பு எழுதினேன். முதல் பேர் என் பேர். எடை: 92. பக்கத்தில், 'மூன்று விசிட் அல்ல, முப்பது வருஷம்' என்று எழுதினேன். அதற்குக் கீழே கோடு போட்டு மூடிவிட்டேன். இரண்டாவது பேர் கிடையாது.

டாக்டர் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"என்ன, காமெடியா?"

"இல்ல டாக்டர். வாழ்க்கையில முதல் தடவையா இல்ல."

"மீதி பேரு எங்க?"

"இவன் பேரை வச்சு என்ன செய்றீங்கன்னு பாத்துட்டு மீதிய எழுதுறேன். இவனும் மருந்து வாங்குறவன்தான். பிரஷர் மாத்திரை, பதினஞ்சு வருஷமா, நம்ம ஆஸ்பத்திரியிலதான். இவனுக்கு நிறுத்துங்க முதல்ல."

"நீங்க ஸ்டாஃப். அவங்களோட சேத்துப் பேசாதீங்க."

"மெஷினுக்கு அது தெரியாது டாக்டர். அந்தம்மா எட்டு மாசம் நான் சொன்னதச் செஞ்சாங்க. ஒடம்பு ஒத்துக்கல, திரும்பிடுச்சு. ஆனா மாத்திரை போட்ட வரைக்கும் எண்பத்து நாலு கிலோலயும் சர்க்கரை கட்டுக்குள்ளதான் இருந்துது, நோட்டுல இருக்குது பாருங்க. மாத்திரைய விட்டப்புறம்தான் வெரலு போச்சு. எடைக்காக மாத்திரைய நிறுத்துறதுல நான் கையெழுத்துப் போட மாட்டேன். போடணும்னா நீங்களே போட்டுக்குங்க."

டாக்டர் தாளை மடித்து டிராயரில் போட்டார். "போகலாம்" என்றார்.

மூன்றாம் நாள் மெமோ வந்தது. 'அலுவலக ஆவணத்தில் கேலியாக எழுதியது குறித்து விளக்கம் தரவும்.' விளக்கம் எழுதினேன்: 'ஆவணத்தில் உள்ள எடை உண்மையானது. சந்தேகம் இருந்தால் நேரில் எடுத்துக்கொள்ளலாம்.' அவர் எடுக்கவில்லை. அந்தப் பட்டியலில் தானே கையெழுத்துப் போடவும் இல்லை. அவர் மனம் மாறினாரா, எரிச்சலில் விட்டுவிட்டாரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. நாற்பத்து மூன்று பேருக்கும் அந்த வெள்ளிக்கிழமை மாத்திரை கிடைத்தது. எனக்கு அது போதும். சம்பள உயர்வு அந்த வருஷம் வரவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். இந்தத் தைரியம் சும்மா கிடைக்கும் என்று நினைத்துவிடாதீர்கள்.

அதே வாரம் நானும் சிஸ்டரும் சேர்ந்து எடை மெஷினைத் தூக்கி, ஹாலின் மூலையில் ஒரு பச்சைத் திரைக்குப் பின்னால் வைத்தோம். அனுமதி கேட்கவில்லை. அதற்கு இன்னொரு மெமோ. ஒருவர் உள்ளே போவார், சிஸ்டர் பார்த்து எழுதுவார், அவ்வளவுதான். எடை வேண்டாம் என்றால் விட்டுவிட்டு நேரே காலைப் பார்ப்போம். "சாப்பாட்டுச் சீட்டைக் கடைப்பிடிச்சீங்களா?" என்று கேட்பதற்கு முன் "பசி எப்படி இருக்குது?" என்று கேட்கப் பழகினேன். நிறையப் பேர் அழுதார்கள். வருஷக்கணக்காக யாரும் கேட்காத கேள்வி. முயற்சியே வேண்டாம் என்று நான் யாருக்கும் சொல்லவில்லை. நடக்கச் சொன்னேன், அளந்து சாப்பிடச் சொன்னேன். நாலு கிலோ குறைந்து நின்றாலும் சர்க்கரைக்கு நல்லதுதான். திரும்பி வந்துவிட்டால் குற்றவாளியாக்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். மங்கலம்பேட்டை பாய்க்கு மட்டும் ஏமாற்றம். "டிக்கெட் இல்லாத ஷோவையும் நிறுத்திட்டீங்களே சார்!" என்றார்.

ஜோக்கை நிறுத்தினேனா? முடியுமா? என்னைப் பற்றி மட்டும் அடிக்கிறேன். சரக்கு தொண்ணூற்றிரண்டு கிலோ இருக்கிறது, லேசில் தீராது.

நான் ஓய்வு பெற்ற வெள்ளிக்கிழமை அஞ்சலை வந்திருந்தார். மாலை, சால்வை எல்லாம் முடிந்ததும் என் கையைப் பிடித்துப் பச்சைத் திரைக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார்.

"ஏறுங்க சார்."

"எதுக்கும்மா?"

"ஏறுங்கன்றேன்ல."

செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினேன். சிரிப்பாக இருந்தது, அப்புறம் சிரிப்பாக இல்லை. திரைக்கு அந்தப் பக்கம் ஹால் முழுக்க ஆட்கள் இருந்தார்கள். அவர் ஒரு குரல் கொடுத்தால் போதும். கொடுக்க அவருக்கு முழு உரிமை இருந்தது. அவர் குனிந்து முள்ளைப் பார்த்தார். நிதானமாகப் பார்த்தார். நான் வயிற்றை எக்கிக்கொண்டு நின்றேன், எடை மெஷினில் அதனால் ஒரு கிராம்கூடக் குறையாது என்று ஆயிரம் பேருக்குச் சொல்லிக்கொடுத்த அதே ஆள்.

"எவ்ளோ காட்டுது?"

"எறங்குங்க."

"சொல்லும்மா."

"ரெண்டு கால்லயும் நிக்கிறீங்க இல்ல? எறங்குங்க சார், டீ ஆறுது."

வெளியே சிஸ்டர் டீ வைத்திருந்தார். எனக்கு வைத்திருந்தது அஞ்சலை கொண்டுவந்திருந்த அந்தக் கோணல் கப்பில். எந்தப் பக்கம் வாயை வைத்தாலும் ஓரமாகக் கொஞ்சம் சட்டையில் ஒழுகும். இன்றைக்கும் அதில்தான் குடிக்கிறேன், என் சட்டைகள் எல்லாவற்றிலும் அதற்குச் சாட்சி இருக்கிறது.

நான் முதல் வாய் குடித்து நிமிர்வதற்குள் அஞ்சலை மாத்திரைப் பையை இடுப்பில் செருகிக்கொண்டு வாசலில் இருந்தார். பஸ்ஸு கிளம்பிவிடும் என்றார். போயிட்டு வரேன் சார் என்றார். எண்பத்து நாலு கிலோ, ஒன்பது விரல், கொஞ்சம்கூட நொண்டாமல் நடந்துபோனார்.